பிள்ளைகளை வயலுக்கு அழைத்துப் போங்கள்

(ஸ்காபரோவில் நடந்த பெற்றோர் ஒன்றுகூடல் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செப்டெம்பர் பிறந்துவிட்டது. இனி இரண்டு மாதத்துக்கு, வெயில் எறிக்கும் சனி ஞாயிறுகளில் ரொறொன்ரோவைச் சுற்றியுள்ள பண்ணைகளில் கார் நிறுத்த இடம் கிடைப்பது அரிது. மார்க்கம், ஸ்ரூவில், பிக்கரிங், மில்ற்றன் என்று எந்தப் பக்கம் போனாலும் அப்பிள் தோட்டம், பூசணி வயல், சோளத்துக்குள் வெட்டிய புதிர்ப்பாதை, உழவு இயந்திரம் இழுக்கும் வைக்கோல் வண்டி. ஒக்ரோபர் இரண்டாம் திங்கட்கிழமை நன்றி நவிலும் நாள். 1957 இல் கனடா நாடாளுமன்றம் நிலையாக்கிய நாள் அது. மாத முடிவில் ஹலோவீன். நம் குடும்பங்களும் போகின்றன. வைக்கோல் கட்டில் பிள்ளையை இருத்திப் படம் எடுக்கிறோம், ஒரு பூசணிக்காயை வாங்கிக்கொண்டு திரும்பிவிடுகிறோம்.

போவது நல்ல பழக்கம். அதை விட்டுவிடுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. போகிற அந்த ஒரு நாளில் பிள்ளைகள் வேலையைப் பார்த்து வரவேண்டும் என்று கேட்கவே வந்திருக்கிறேன். பண்ணை என்பது ஒரு குடும்பம் ஆண்டு முழுவதும் உழைக்கும் இடம். அதை அப்படிப் பார்க்கப் பழகிய பிள்ளைதான், நாளைக்கு அந்த நிலம் பறிபோகும் நிலை வந்தால் ஏன் என்று கேட்கும். அந்த நிலம் தூரத்தில் இல்லை. நாம் குடியிருக்கும் ஸ்காபரோவின் எல்லையிலேயே தொடங்குகிறது.

முதலில் அப்பிள் தோட்டத்துக்குப் போவோம்.

ஒன்ராறியோவில் அப்பிள் ஒரே நாளில் பழுப்பதில்லை. ஓகஸ்ட் கடைசியில் தொடங்கி ஒக்ரோபர் முடியும்வரை வகைக்கு வகை முறை வைத்து வரும். செப்டெம்பர் முற்பாதியில் மக்கின்ரொஷ். அதன் பின்னால் காலா, ஹனிகிறிஸ்ப். ஒக்ரோபரில் ஐடாரெட், நோர்தேண் ஸ்பை. வெயில் விழும் பகலும் குளிர்ந்த இரவும் சேர்ந்து வந்தால்தான் தோலில் சிவப்பு நன்றாக ஏறும். ஆகவே புறப்படுமுன் பண்ணையைத் தொலைபேசியில் அழைத்து, இந்த வாரம் எது பறிக்கலாம் என்று கேளுங்கள். அந்தக் கேள்வியைப் பிள்ளையைக் கொண்டே கேட்க வையுங்கள்.

மக்கின்ரொஷ் இந்த மாகாணத்திலேயே தோன்றிய வகை. 1811 இல், கிழக்கு ஒன்ராறியோவில் இன்று டண்டெலா என்று அழைக்கப்படும் இடத்தில், ஜோன் மக்கின்ரொஷ் என்ற குடியேறி தன் காணியில் காடு வெட்டியபோது தானாக முளைத்து நின்ற சில அப்பிள் கன்றுகளைக் கண்டார். அவற்றைப் பிடுங்கி வீட்டுப் பக்கத்தில் நட்டார். அவற்றில் ஒரு கன்று தந்த பழம் எல்லோருக்கும் பிடித்துப்போனது. ஆனால் அப்பிளில் தாயைப் போல பிள்ளை வராது. விதை போட்டால் முளைக்கும் மரம் வேறு குணத்தோடு வரும். அதனால் அந்த ஒரு மரத்தின் கிளையை வெட்டி வேறு கன்றில் ஒட்டினார்கள். ஒட்டியதிலிருந்து மறுபடி ஒட்டினார்கள். இன்று உலகில் எங்கே மக்கின்ரொஷ் மரம் நின்றாலும் அது டண்டெலாவில் நின்ற அந்த மரத்தின் கிளை வழி வந்ததுதான். ஊரில் ஒட்டுமாங்கன்று வைத்து வளர்த்த பெரியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அவர்களே பேரப்பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்லலாம்.

ஐந்து வயதுப் பிள்ளை தரையில் நின்றபடியே எப்படிப் பழம் பறிக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? பழைய தோட்டங்களில் அப்பிள் மரம் வீட்டுக்கூரையைத் தாண்டி வளரும். ஏணி இல்லாமல் பழம் எட்டாது. இன்றைய தோட்டங்களில் மேலே உள்ள மரம் ஒன்று, கீழே உள்ள அடிக்கட்டை இன்னொன்று. இங்கிலாந்தின் ஈஸ்ற் மோலிங் ஆராய்ச்சி நிலையத்தில் தெரிந்தெடுத்து உலகுக்குக் கொடுத்த எம் 9 போன்ற அடிக்கட்டைகள் மரத்தைக் குள்ளமாக வைத்திருக்கும், விரைவில் காய்க்க வைக்கும். அதற்கு ஈடாக அந்த வேர் பலம் குறைந்தது. அதனால்தான் வரிசை நீளத்துக்குக் கம்பம் நட்டுக் கம்பி இழுத்து மரங்களைக் கட்டியிருக்கிறார்கள். கிளையில் தொங்காதே, மரத்தில் ஏறாதே என்று பலகை வைத்திருப்பதற்கும் காரணம் இதுதான்.

பறிப்பதற்கும் ஒரு முறை உண்டு. பழத்தை உள்ளங்கையில் ஏந்துங்கள். கீழே இழுக்க வேண்டாம். மேல்நோக்கித் தூக்கி இலேசாகத் திருப்புங்கள். முற்றிய பழம் காம்போடு கழன்று கைக்கு வந்துவிடும். வராவிட்டால் அது இன்னும் முற்றவில்லை, விட்டுவிடுங்கள். இப்போது பழம் தொங்கிய இடத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள். விரல் நீளம்கூட இல்லாத, வளையம் வளையமாகச் சுருக்கம் விழுந்த, தடித்த ஒரு குறுங்கிளை இருக்கும். அதன் ஓரத்தில் மெல்லிய மயிர் மூடிய ஒரு மொட்டு. அடுத்த மே மாதம் விரியப் போகும் பூ அந்த மொட்டுக்குள் இப்போதே இருக்கிறது. இந்த ஆண்டுப் பழம் பெருத்துக்கொண்டிருந்த கோடையிலேயே மரம் அடுத்த ஆண்டுப் பூவையும் ஆயத்தம் செய்துவிட்டது. பழத்தைப் பற்றி வெடுக்கென்று இழுத்தால் குறுங்கிளையும் சேர்ந்து முறியும். ஒரு பழத்துக்காக வரப்போகும் பழங்களையும் பறித்துவிடுகிறோம். இதை ஒரு முறை கண்ணால் கண்ட பிள்ளை பிறகு ஒருபோதும் கிளையை இழுக்காது.

வீட்டுக்கு வந்த பிறகும் பாடம் தொடரலாம். ஒரு பழத்தைக் குறுக்காக வெட்டி, மருந்துக்கடையில் கிடைக்கும் அயோடினைத் தண்ணீரில் கலந்து தடவுங்கள். மாச்சத்து இருக்கும் இடம் கருநீலமாகும். பழம் முற்ற முற்ற மாச்சத்து சீனியாக மாறுகிறது. அந்த மாற்றம் நடுவில் தொடங்கித் தோலை நோக்கிப் பரவுகிறது. எந்த நாளில் பறிக்க வேண்டும் என்று தோட்டக்காரர்கள் பார்க்கும் சோதனைகளில் இதுவும் ஒன்று. சோதித்த பழத்தை மட்டும் சாப்பிடாமல் எறிந்துவிடுங்கள். மே மாதத்தில் கடையில் வாங்கும் ஒன்ராறியோ அப்பிள், முந்தைய ஆண்டு இலையுதிர்காலத்தில் பறித்து, ஒட்சிசனைக் குறைத்த குளிரறையில் மாதக்கணக்காகக் காத்துவைத்தது என்பதையும் சொல்லிக் கொடுங்கள். உணவு எத்தனை கைகளையும் எத்தனை அறிவையும் கடந்து வருகிறது என்பது பிள்ளைக்கு அப்போது தெரியவரும்.

அடுத்தது பூசணி வயல்.

மே கடைசியில் அல்லது ஜூன் தொடக்கத்தில் விதைத்த பூசணி, நூறு நாள் அளவில் முற்றி, கடும் உறைபனி விழுமுன் வயலை விட்டு வெளியேற வேண்டும். ஒரே கொடியில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. பூ விடியப்புறத்தில் விரியும். உச்சிவேளைக்கு முன்னரே வாடிவிடும். அந்தச் சில மணித்தியாலத்துக்குள் தேனீ வந்து போனால்தான் காய். பூசணிக் குடும்பத்துப் பூக்களையே நம்பி வாழும் ஒரு காட்டுத் தேனீ ஒன்ராறியோவில் இருக்கிறது. அது கூட்டில் வாழாது. பெண் தேனீ ஒவ்வொன்றும் மண்ணுக்குள் தனக்கென்று ஒரு வளை தோண்டும். நாம் ஒக்ரோபரில் காய் பொறுக்கும் அதே நிலத்துக்கு அடியில் அதன் அடுத்த தலைமுறை கோடையை எதிர்பார்த்துக் கிடக்கிறது. மண்ணை எப்படி உழுவது, எந்த மருந்தை எப்போது அடிப்பது என்று பண்ணைக்காரர் யோசிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அவரிடமே கேளுங்கள். தன் தொழிலைப் பற்றிக் கேட்டால் எந்தக் கமக்காரரும் மகிழ்ச்சியோடுதான் பதில் சொல்வார்.

சமையலுக்கு வாங்குபவர்கள் ஒன்றை மனத்தில் வையுங்கள். ஹலோவீனுக்கு முகம் வெட்டுவதற்கென்று விளைவிக்கும் பெரிய பூசணி நாரும் தண்ணீருமாக இருக்கும், கறிக்கு ருசிக்காது. சிறியதாக, கையில் பாரமாக இருக்கும் 'பை' (pie) பூசணியை வாங்குங்கள். இல்லாவிட்டால் பட்டர்நட் வாங்குங்கள். சதை கெட்டியாக, இனிப்பாக இருக்கும். பால்கறிக்கு மிகவும் ஏற்றது. முகம் வெட்டிய பூசணியின் விதையை எறியாமல் கழுவி வறுத்துக் கொடுங்கள், பிள்ளைகள் விரும்பிச் சாப்பிடும்.

சோளப் புதிர்ப்பாதை பற்றியும் சொல்ல வேண்டும். 1993 இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், அன்வில் என்ற ஊரில் வெட்டிய புதிர்ப்பாதையோடு இன்றைய வழக்கம் தொடங்கியது. பிள்ளைகள் ஓடித் திரியும் அந்தச் சோளம் நாம் அவித்துத் தின்னும் இனிப்புச் சோளம் அன்று. பெரும்பாலும் கால்நடைத் தீவனத்துக்குப் போவது. பயிர் சிறிதாக நிற்கும்போதே பாதையை வெட்டி விடுவார்கள். ஹலோவீன் முடிந்ததும் இயந்திரம் இறங்கி, மிச்சம் நிற்கும் கதிரை அறுத்துக்கொண்டு போகும். ஒரே வயல் மக்களை மகிழ்விக்கிறது, மாட்டுக்கும் தீனி போடுகிறது. பண்ணைக்காரருக்கு இந்த வழி ஏன் தேவைப்படுகிறது? மொத்த வியாபாரிக்கு விற்றால் விலையை அவன் தீர்மானிக்கிறான். வாசலுக்கு வரும் குடும்பத்துக்கு விற்றால் விலை தன் கையில். ஆனால் அதற்குக் கிடைப்பது ஒரு சில வார இறுதிகள் மட்டுமே. அவற்றில் இரண்டு மழையில் போனால் ஆண்டுக் கணக்கே சரிந்துவிடும். நுழைவுக் கட்டணம் கூட என்று நாம் முணுமுணுக்கும்போது இந்தக் கணக்கும் நினைவில் இருக்கட்டும்.

இந்தச் சோளத்தையும் பூசணியையும் இந்த மண்ணுக்குத் தந்தவர்கள் யார்? ஐரோப்பியர் கப்பலில் கொண்டுவந்தவை அல்ல இவை. சோளம், அவரை, பூசணி மூன்றையும் ஒன்றாக நட்டுப் பயிரிட்டவர்கள் இந்த நிலத்தின் முதற்குடிகள். சோளத் தண்டில் அவரைக்கொடி படரும்; அவரை மண்ணுக்கு நைதரசன் சேர்க்கும்; பூசணி இலை நிலத்தை மூடி ஈரத்தைக் காக்கும், களையை அடக்கும். மூன்று சகோதரிகள் என்று அவர்கள் அழைத்த பயிர்முறை இது. பிக்கரிங்கில் ட்ரேப்பர் என்னும் இடத்தில் 1970களில் அகழ்ந்தபோது, அந்த முதற்குடிகளுள் ஒரு பிரிவினரான வென்டாட் மக்களின் பேரூர் ஒன்று வெளிப்பட்டது. நமக்குப் பக்கத்தில் ஓடும் ரூஜ் ஆற்றங்கரையில் 17ஆம் நூற்றாண்டில் இன்னொரு முதற்குடியான செனக்கா மக்கள் வாழ்ந்த ஊரின் எச்சம் பீட் ஹில் என்ற தேசிய வரலாற்றிடமாகக் காக்கப்படுகிறது. பூசணி வயலில் நிற்கும் பிள்ளைக்கு இதைச் சொல்லாமல் விட்டால் அந்த நாளின் பாடம் அரைகுறைதான்.

இனி நம் பெரியவர்களைப் பற்றி.

ஒரு பூசணி வயலில் நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். தடித்த கோட்டுக்குள் சுருங்கி, பேரனின் கையைப் பிடித்தபடி ஓர் அம்மம்மா வந்தார். பிள்ளைகள் வண்டியை நோக்கி ஓடிவிட்டார்கள். அவர் வயல் ஓரத்தில் குந்தி, ஒரு பிடி மண்ணை எடுத்து விரலால் உதிர்த்துப் பார்த்தார். "தம்பி, இவையின்ரை கிணறு எங்கையெண்டு கேள்" என்றார். பேரன் ஓடிப் போய்ப் பண்ணைக்காரரிடம் கேட்டான். கிணறு வீட்டுக்கு மட்டும்தான், வயலுக்கு மழையே போதும், எங்களுக்குத் தண்ணீர் கூடினால்தான் கஷ்டம் என்றார் அவர். களிமண் நிலம் என்பதால் அடியில் துளையிட்ட குழாய் புதைத்து, பனி கரையும் காலத்தில் நீரை வடிய விடுவதாகவும் சொன்னார். அம்மம்மாவுக்கு நம்ப முடியவில்லை. "தண்ணியை வெளியிலை விடுறதோ? நாங்கள் சொட்டுச் சொட்டாய் எல்லோ மாறினது!" என்றார்.

பிறகு அவர் பேசத் தொடங்கினார். வற்றாத ஆறு இல்லாத யாழ்ப்பாணத்தில், சுண்ணக்கல்லைக் குடைந்த கிணற்றிலிருந்து துலா மிதித்து, பட்டையால் இறைத்து, வாய்க்கால் வழியே பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறி வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளைவித்த கதை. விடியப்புறம் துலா ஏறியவர் யார், பட்டை பிடித்தவர் யார், எத்தனை பாத்தி பாய்ந்தது என்று எல்லாம் சொன்னார். பேரன் இடையிடையே மொழிபெயர்த்தான். பண்ணைக்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டார். அந்தப் பையன் தன் அம்மம்மா ஒரு கமக்காரி என்பதை அன்றைக்குத்தான் அறிந்தான்.

நம் வீடுகளில் எத்தனை பேர் இப்படி இருக்கிறார்கள்! மாடிக் குடியிருப்பின் பன்னிரண்டாம் தளத்தில், தொலைக்காட்சிக்கு முன்னால், மண்ணைத் தொட்டு ஆண்டுக்கணக்கானவர்கள். வலிகாமத்துச் செம்மண்ணை அறிந்தவர்கள், வன்னியில் காடு வெட்டி வயல் ஆக்கியவர்கள், மட்டக்களப்பில் வெள்ளாண்மை செய்தவர்கள். பண்ணைக்குப் போகும்போது காரில் இடமில்லை என்று இவர்களை விட்டுவிட்டுப் போகாதீர்கள். அந்த நாளின் சிறந்த ஆசிரியர் இவர்கள்தான்.

நம் சமையலும் இந்த மண்ணுக்கு வந்துவிட்டது. நயாகராப் பக்கம் உள்ள வைன்லாண்ட் ஆராய்ச்சி நிலையம், வெண்டியையும் நம் வகைக் கத்தரியையும் ஒன்ராறியோக் காலநிலையில் விளைவிக்க ஆராய்ச்சி செய்து கமக்காரருக்கு வழிகாட்டியது. செப்டெம்பரில் கத்தரிக்காய், மிளகாய், தக்காளி நீங்களே பறித்துக்கொள்ளக்கூடிய வயல்களும் இருக்கின்றன. அப்பிளோடு நின்றுவிடாமல் அங்கேயும் போங்கள். நாம் கேட்டு வாங்கினால்தான் கமக்காரர் அடுத்த ஆண்டும் விதைப்பார்.

வயலில் நிற்கும் மற்றவர்களையும் பிள்ளைகள் பார்க்க வேண்டும். ஏணியில் நின்று கூடை கூடையாகப் பறிப்பவர்கள் பலர் இந்த நாட்டவர் அல்லர். 1966 இல் 264 ஜமேக்காத் தொழிலாளர்களோடு கனடாவின் பருவகால விவசாயத் தொழிலாளர் திட்டம் தொடங்கியது. 1974 இல் மெக்சிக்கோவும் சேர்ந்தது. ஆண்டில் எட்டு மாதம்வரை இங்கே உழைத்து, குடும்பத்தை அங்கே விட்டுவிட்டு, பலர் இருபது ஆண்டுக்கு மேலாக வந்து போகிறார்கள். அவர்களின் அனுமதி ஒரே முதலாளியோடு கட்டப்பட்டது. குடும்பத்தைப் பிரிந்து அந்நிய மண்ணில் உழைப்பது என்னவென்று நம் சமூகத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்களைக் கண்டால் வணக்கம் சொல்லப் பிள்ளைகளைப் பழக்குங்கள். நாம் கையில் எடுக்கும் பழத்தில் அவர்களின் உழைப்பு இருக்கிறது என்று சொல்லுங்கள்.

அன்பர்களே, இப்போது நிலத்தைப் பற்றிப் பேச வேண்டும். என் உரையின் மையம் இதுதான்.

கனடா பெரிய நாடு. ஆனால் முதல்தரமான விவசாய நிலம் மிகக் கொஞ்சம். அதில் ஏறத்தாழப் பாதி ஒன்ராறியோவில் இருக்கிறது. அதுவும் நகரங்கள் வீங்கிக்கொண்டு போகும் தெற்குப் பகுதியிலேயே இருக்கிறது. 2016க்கும் 2021க்கும் இடையில் ஒன்ராறியோவின் பண்ணை நிலம் நாளொன்றுக்குச் சராசரி 319 ஏக்கர் குறைந்தது என்று விவசாயக் கணக்கெடுப்புக் காட்டுகிறது. கொங்கிறீற் விழுந்த நிலத்தை மறுபடி வயலாக்க எவராலும் முடியாது.

நமக்குப் பக்கத்தில் நடந்த கதையைக் கேளுங்கள். 1972 இல் பிக்கரிங்கில் பெரிய விமான நிலையம் ஒன்று கட்டுவதென்று மத்திய அரசு 18,600 ஏக்கர் நிலத்தைக் கையகப்படுத்தியது. தலைமுறைகளாகப் பயிரிட்ட குடும்பங்கள் தம் சொந்தக் காணியில் குத்தகைக்காரர் ஆயினர், அல்லது வெளியேறினர். மக்கள் எதிர்த்து எழுந்தார்கள். 1975 இல் திட்டம் நிறுத்தப்பட்டது. ஆனால் கைவிடப்படவில்லை. ஐம்பது ஆண்டுக்கு மேலாக அந்த வயல்களின் மேல் அந்த நிழல் கிடந்தது. அந்த நிலத்தில் ஒரு பெரும் பங்கு, 2015 இல் சட்டமாக்கப்பட்ட ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்காவில் சேர்ந்தது. கனடாவின் முதல் தேசிய நகர்ப்புறப் பூங்கா அது. காட்டோடும் ஆற்றோடும் இன்றும் உழுது பயிரிடும் பண்ணைகளும் அதற்குள் இருக்கின்றன. கடைசியில் 2025 ஜனவரியில், பிக்கரிங்கில் விமான நிலையம் கட்டப்போவதில்லை என்று மத்திய அரசு அறிவித்தது.

அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்று நடந்தது. 2005 இல் மாகாண அரசு சட்டம் இயற்றிப் பசுமைப் பட்டியை உருவாக்கி, 18 இலட்சம் ஏக்கருக்கு வீடமைப்பிலிருந்து பாதுகாப்புக் கொடுத்தது. 2022 இல் அதிலிருந்து 7,400 ஏக்கரை வீடு கட்டுவதற்கென்று வெளியே எடுத்தார்கள். அதில் பெரும்பகுதி பிக்கரிங்கில், ரூஜ் பூங்காவை அடுத்துள்ள பண்ணை நிலம். அந்த முடிவை எடுத்த விதத்தில் குறைகண்டு மாகாணக் கணக்காய்வாளரின் அறிக்கை வந்தது. மக்கள் தெருவில் இறங்கினார்கள். 2023 இல் அரசு அந்த முடிவைத் திரும்பப் பெற்றது.

இந்த இரண்டு வெற்றியையும் பெற்றுத் தந்தவர்கள் அந்த வயல்களை அறிந்திருந்த மக்கள். அங்கே போய்வந்தவர்கள், அங்கே வாங்கியவர்கள், அங்கே உழுபவரின் பெயர் தெரிந்தவர்கள். காணாத நிலத்துக்காக எவரும் குரல் கொடுப்பதில்லை. 1990 இல் யாழ்ப்பாணத்தில் பலாலி இராணுவத் தளத்தைச் சுற்றி வலிகாமம் வடக்கின் ஊர்கள் வெறுமையானபோது, விளைநிலம் கைவிட்டுப் போவது என்னவென்று நம்மில் பலர் அறிந்தோம். போருக்காகப் போன நிலமும் சட்டத்தால் எடுத்த நிலமும் ஒன்றல்ல. ஆனாலும் வேலிக்கு வெளியே நின்று சொந்தக் காணியைப் பார்ப்பவரின் வேதனை நமக்குத் தெரியும். அதனால் இந்த விடயத்தில் நம் சமூகத்தின் குரல் முன்னுக்கு நிற்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இனி, போகிறவர்களுக்குச் சில யோசனைகள்.

காலையிலேயே போங்கள். மண் ஈரமாக இருக்கும், பழைய சப்பாத்தோ இறப்பர் பூட்சோ போடுங்கள். நீளக் காற்சட்டை அணிந்து, வீட்டுக்கு வந்ததும் உண்ணி ஏறியிருக்கிறதா என்று உடம்பைப் பாருங்கள். ரூஜ் பள்ளத்தாக்கில் லைம் நோயைப் பரப்பும் உண்ணி இருக்கிறது, இலையுதிர்காலத்திலும் அது உலாவும். ஆட்டையும் கோழியையும் தொட்ட பிள்ளை சவர்க்காரம் போட்டுக் கைகழுவாமல் எதையும் வாயில் வைக்கக் கூடாது. பதப்படுத்தாத அப்பிள் சாற்றைச் சிறுபிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் முதியவர்களுக்கும் கொடுக்க வேண்டாம், வாங்குமுன் கேளுங்கள். வீட்டிலிருந்து கொண்டுபோன எதையும் பண்ணை விலங்குகளுக்குப் போடாதீர்கள். தின்று முடிக்கக்கூடிய அளவுக்குப் பறியுங்கள். அடிபட்ட பழத்தை வேறாக்கி முதலில் சாப்பிடுங்கள், மற்றவை குளிர்சாதனப் பெட்டியில் நீண்ட நாள் இருக்கும்.

ஐந்தாறு பேர் உள்ள குடும்பத்துக்கு நுழைவுக் கட்டணம் பாரம் என்பது எனக்குத் தெரியும். ரூஜ் பூங்காவுக்குள் போகக் கட்டணமே இல்லை, பேருந்திலும் போகலாம். தெருவோரத்தில் விளைச்சலை வைத்து விற்கும் பண்ணைகளுக்குப் போனால் வாங்கும் பொருளுக்கு மட்டும்தான் காசு. 1844 முதல் நடந்துவரும் மார்க்கம் விவசாயக் கண்காட்சி செப்டெம்பர் கடைசியிலோ ஒக்ரோபர் தொடக்கத்திலோ வரும். 1922 இல் தொடங்கிய றோயல் குளிர்கால விவசாயக் கண்காட்சி நவம்பரில் ரொறொன்ரோவிலேயே நடக்கும். மாடும் குதிரையும் செம்மறியும் பரிசுக்கு நிற்கும் இடத்தில், அவற்றை வளர்த்த பிள்ளைகளோடு நம் பிள்ளைகள் பேசட்டும்.

பெற்றோரே, இந்த இலையுதிர்காலத்தில் ஒரு சனிக்கிழமையை ஒதுக்கி வையுங்கள். அம்மம்மாவையும் அப்பப்பாவையும் முன் இருக்கையில் ஏற்றுங்கள். பண்ணைக்காரரிடம் கேட்க ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கேள்வியை எழுதிக்கொண்டு வரட்டும். படம் எடுங்கள், அதோடு அவர் விளைவித்ததையும் வாங்குங்கள். ஒன்ராறியோவில் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மாநகரசபைத் தேர்தல் நடப்பதும் ஒக்ரோபர் மாதத்தில்தான். வாக்குக் கேட்டு வாசலில் வந்து நிற்பவரிடம், பக்கத்து வயல்களை நீங்கள் காப்பீர்களா, விற்பீர்களா என்று கேளுங்கள். தெளிவான பதில் தராதவருக்கு உங்கள் வாக்கைக் கொடுக்காதீர்கள்.